வருத்தம்

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமெனச் சங்கத்து மாணவர் இருவர் வந்து கேட்டபோது, ஈழத்து நாவல்களில் நோயும் நோயாளரும் சித்திரிக்கப்படும் முறைமை பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். குறிப்புகளும் எடுத்தாயிற்று. எழுத அமர்ந்தபோதுதான், பிறர் எழுதிய நோய்களைப் பற்றிப் பேசுவதன்மூலம் என் நோயைப் பற்றிப் பேசாது தப்பிக்கொள்ளவே அத்தலைப்பைத் தெரிந்தெடுத்தேன் என்பது எனக்குப் புலனாயிற்று. ஆதலால் வாக்குத் தவறி வேறொன்றை எழுதுகிறேன். இதழாசிரியர் பொறுத்தருள்வாராக.

2012 பங்குனி மாதம். எனக்குப் பதினெட்டு வயது. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதமே இருந்தது. கழுத்தின் இடப்புறத்தில், காறையெலும்புக்குச் சற்று மேலே, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தென்பட்டது. அது நோகவில்லை. நெறி கட்டியிருக்கிறது என்று அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். இரவில் உடை நனையும்படி வியர்த்ததைப் பங்குனி வெக்கையின் மீதும், உடல் மெலிந்ததைக் கண்விழித்துப் படித்ததன் மீதும் சுமத்தினோம். சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னரே கட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டியெடுக்கப்பட்டுப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது.

ஹொட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய் என்பது அதன் பெயர். 1832 இல் தோமஸ் ஹொட்ஜ்கின் என்னும் இலண்டன் மருத்துவர் இதனை விவரித்து எழுதினார். புற்றுநோய் முதுமைக்கே உரியது என்னும் பொதுக்கருத்துக்கு மாறாக, இந்நோய் இளவயதினரையே பெரிதும் நாடி வருவது. முற்றிய நிலையில் ஏறத்தாழ மரணதண்டனையாகவே இருந்த இது, 1960 களில் அமெரிக்காவில் டெவிற்றாவும் அவருடைய சகாக்களும் நான்கு மருந்துகளை ஒருங்கே கொடுத்துப் பார்த்ததன் பின்னரே குணமாக்கத்தக்க நோயாயிற்று. 1970 களில் இத்தாலியின் மிலான் நகரில் பொனடோனா வகுத்த வேறு நான்கு மருந்துகளின் கூட்டே எனக்குத் தரப்பட்டது. இரு வாரங்களுக்கு ஒரு தடவையாகப் பன்னிரண்டு தடவைகள். அந்நான்கில் ஒன்று செவ்வரத்தம்பூவைக் கசக்கிய நீர்போலச் சிவந்திருக்கும். மற்றொன்று 1958 அளவில் கனடாவில் நோபிள், பியர் என்னும் இருவர் பட்டிப்பூச் செடியின் இலையிலிருந்து பிரித்தெடுத்தது. எங்கள் கிணற்றடியில் எவரும் நட்டுவைக்காமலே பூத்துக் கிடக்கும் பட்டிப்பூ, கடல் கடந்து மருந்தாகித் திரும்பி என் நாளத்தினுள் இறங்கியதை எண்ணும்போது இன்றும் வியப்பாகவே இருக்கிறது. உடலைப் பொறுத்தவரையில் மருத்துவம் என்பால் பெருங்கருணை காட்டிற்று. இக்கட்டுரை உடலைப் பற்றியதன்று.

2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து திரட்டிய நிதி, தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்து முடியாத காலம் அது. ஆகவே தெற்கே சென்று, வெள்ளவத்தையில் சிறிய தந்தையார் வீட்டிலே தங்கிச் சிகிச்சை பெற்றேன். விடுதியில் எனக்கு வலப்புறக் கட்டிலில் ஐம்பத்தெட்டு வயதான ஓய்வுபெற்ற தபாலதிபர். எதிர்க்கட்டிலில் பேரப்பிள்ளைகளைக் கண்ட மீனவர். இடப்புறத்தில்தான் என் வயதை ஒத்த ஒருவன் இருந்தான். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன்; என்னிலும் ஒரு வயது மூத்தவன். எலும்பிலே தோன்றிய புற்றுநோய்க்காக அவனுடைய வலது காலை முழங்காலுக்கு மேலே அகற்றியிருந்தார்கள். அந்த வெறுமையை மறைப்பதற்காகவே போர்வையை எப்போதும் இரண்டாக மடித்துப் போட்டிருப்பான்.

முதல் நாள், வேறென்ன பேசுவதென்று தெரியாமல், எங்கள் ஊர் வழக்கப்படி, "அண்ணைக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டேன்.

அவன் சற்றுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "வருத்தம் இல்லாம இருக்குமா தம்பி?" என்றான். "அம்மா மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கும். ஒரு நாள் இங்க வந்தா ரெண்டு நாள் பேரு போயிடும். அதுனால வர வேணாம்னு சொல்லிட்டேன். கால எடுத்தத இன்னும் அதுகிட்ட சொல்லல. அதுதான் வருத்தம்."

நான் நோயின் பெயரைக் கேட்டேன். அவன் துயரத்தைச் சொன்னான். யாழ்ப்பாணத்தார் நோயை வருத்தம் என்பார்கள், நோயாளி வருத்தக்காரன், நோயுற்றவரைக் காணச் செல்வது வருத்தம் பார்க்கப் போதல். மலைநாட்டிலும் இப்பொருளை அறிந்தோர் உளர். அன்று அவனுக்கு அது தோன்றவில்லை. பின்னர் என் பிழையை விளக்கியபோது இருவரும் சிரித்தோம். மருந்தேற்ற வந்த தாதி, "மல்லி, ஆடாதே" என்று சிங்களத்திற் கடிந்துகொள்ளும்வரை சிரித்தோம். ஆயினும் பிழை யாருடையது என்பதில் எனக்கு இன்றுவரை ஐயம் உண்டு. நோய்க்கும் துயருக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் பேச்சுவழக்கிலே பிறந்த நாங்கள், அச்சொல்லின் ஒரு பாதியை மாத்திரமே நோயாளியிடம் கேட்கப் பழகியிருக்கிறோம்.

எரிக் எரிக்சன் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்து 1950 இல் எழுதிய நூலில், பதின்ம வயதின் தலையாய பணி 'நான் யார்' என்னும் வினாவுக்கு விடை காண்பதே என்றார். (தம் தந்தை யாரென அறியாது வளர்ந்து, பின்னர்த் தமக்கெனக் குடும்பப் பெயரொன்றைத் தாமே ஆக்கிக்கொண்டவர் இவ்வினாவில் இத்துணை ஊன்றி நின்றமை புரிந்துகொள்ளத்தக்கதே.) பெற்றோரிடமிருந்து விலகி, தோழரோடு கூடி, தொழிலொன்றைக் கற்பனை செய்து, காதலித்தோ காதலிக்கத் துணியாமலோ, அந்த விடையை ஒருவன் கட்டியெழுப்ப வேண்டிய வயதிலே புற்றுநோய் குறுக்கிடுகிறது. பத்து வயதில் அம்மாவின் கையிலிருந்து வாளியைப் பறித்துக்கொண்டு தானாகக் குளிக்கத் தொடங்கிய நான், பதினெட்டு வயதில், நிற்கப் பலமின்றி, அதே அம்மாவின் கையாற் குளித்தேன். அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாந்தியை மறந்துவிட்டேன், ஊசிகளை மறந்துவிட்டேன், அந்தச் சுவரை மறக்கவில்லை.

ஆவணியில் என் வகுப்பு நண்பர்கள் பரீட்சை எழுதினார்கள். புரட்டாதியில் எனக்குக் கடைசி மருந்து ஏறிற்று. அவ்வேளையில் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணப் போட்டிகள் இலங்கையில் நடந்துகொண்டிருந்தன. அவ்வாண்டின் தொடக்கத்திலே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற யுவராஜ் சிங், கொழும்பு பிரேமதாச அரங்கில் இந்தியாவுக்காக விளையாடினார். வந்து பார்த்தவரெல்லாம் அவரையே உதாரணம் காட்டினர். "பார், அவன் எழும்பி வந்து அடிக்கிறான், உனக்கென்ன?" நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட அவ்வார்த்தை எனக்கு ஒரு கட்டளையாகவே கேட்டது. மாடிப்படியில் நான்கு படி ஏறியதும் மூச்சு வாங்கிய எனக்கு, எழும்பி வந்து அடிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

வீடு திரும்பினேன். "வருத்தம் மாறிவிட்டதாம்" என்று ஊரில் செய்தி பரவிற்று. எந்த வருத்தம் என்பதுதான் பரவவில்லை. அக்காவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த காலமாதலால், "தம்பி, ஆரும் கேட்டால் நெருப்புக்காய்ச்சல் எண்டு சொல்லு" என்று அம்மா சொல்லியிருந்தார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்திலே புற்றுநோய் என்று தெரிந்தால் சாதகம் திரும்பி வந்துவிடும் என்று அவர் அஞ்சியது வெறுங்கற்பனையன்று. ஆனால் நெருப்புக்காய்ச்சல் வந்தவன் ஆறு மாதத்துக்குப் பின்னரும் இரவில் எழுந்து உட்கார்ந்திருப்பதற்கு நியாயம் கிடையாது. பொய்யான நோய்க்குப் பொருத்தமாக என் துயரமும் குறுகிக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னொரு தடையும் இருந்தது. போர் முடிந்து மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. முள்ளிவாய்க்காலில் மகன்மார் இருவரையும் பறிகொடுத்த எங்கள் அயலவர் ஒருவர், மொட்டைத் தலையோடு திண்ணையில் இருந்த என்னை வந்து பார்த்து, "உன்னைக் கடவுள் திருப்பித் தந்திட்டார் ராசா" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். அவருக்கு அம்மா உண்மையைச் சொல்லியிருந்தார் போலும். அந்தக் கையின் சூடு ஆறுவதற்குள், இனி எனக்குக் கவலைப்பட உரிமையில்லை என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். துயரத்துக்கு அளவுகோல் வைத்து, பெரிய துயரின் முன் சிறிய துயர் வாய்மூடி நிற்க வேண்டும் என்பது எங்கள் மண்ணிலே எழுதாத சட்டமாகிவிட்டது.

நோய் மாறிய பின்னரே என் மனம் நோயுற்றது. இதனை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பிற்ஸ்ஹியூ மலன் என்னும் அமெரிக்க மருத்துவர், தமது 32 ஆவது வயதில், நெஞ்சின் நடுவே தோன்றிய புற்றுநோய்க்கு ஆளானவர். (யுவராஜ் சிங்குக்கு வந்ததும் அதே நோய்தான்.) நோயிலிருந்து மீள்வதை மூன்று பருவங்களாகப் பகுத்து அவர் 1985 இல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். முதலாவது, நோயைக் கண்டறிந்து சிகிச்சை செய்யும் பருவம். இரண்டாவது, சிகிச்சை முடிந்து, நோய் திரும்புமோ என்று காத்திருக்கும் பருவம். அங்கே அச்சமே அரசு செலுத்துகிறது. மூன்றாவது, நோய் இனித் திரும்பாது என்று ஓரளவு துணியக்கூடிய நீண்ட பருவம். நீரில் மூழ்கியவரை இழுத்துக் கரையிற் போட்டுவிட்டு, அவர் இருமித் தவிப்பதைப் பாராமலே போய்விடுவதற்கு மருத்துவத்தின் போக்கை அவர் ஒப்பிட்டார். நான் அக்கட்டுரையை 2018 இல், பட்டதாரியான பின்னர், நூலகத்தில் வேறெதையோ தேடும்போது கண்டேன். வாசித்து முடித்தபோது கோபமே முதலில் வந்தது. நான் பிறப்பதற்கு முன்னரே ஒருவர் இதை எழுதிவைத்திருக்க, ஆறாண்டுகளாக இது என் ஒருவனுடைய கோழைத்தனம் என்று நம்பியிருந்தேனே என்ற கோபம்.

அந்த இரண்டாம் பருவத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கை தானாகக் கழுத்துக்குப் போகும். படிக்கும்போதும், பஸ்ஸிலே பயணம் செய்யும்போதும், கோயிலில் கைகூப்பி நிற்கும்போதுங்கூட, மூன்று விரல்கள் காறையெலும்பின் மேலே புளியங்கொட்டையைத் தேடும். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது தடவைகள். அழுத்தி அழுத்தித் தேடியதால் தோல் கன்றி வீங்கும். அந்த வீக்கமே கட்டியாகத் தோன்றும். இருமல் வந்தால் நுரையீரலில். முதுகு நொந்தால் முள்ளந்தண்டில். கிளினிக் நாளுக்குப் பத்து நாட்களுக்கு முன்பே உறக்கம் போய்விடும். முடிவு நல்லதாக வந்தால் நான்கு நாட்கள் உலகம் அழகாக இருக்கும். ஐந்தாம் நாள் கை மறுபடியும் கழுத்துக்குப் போகும். உளமருத்துவர் இதனைப் பதகளிப்பு என்பர். 1981 இல் கூச்சர், ஓமாலி என்னும் அமெரிக்கர் இருவர், சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் உளநிலையை ஆராய்ந்து எழுதிய நூலுக்கு டமோகிளிஸின் பெயரைச் சூட்டினர். ஒற்றைக் குதிரைமயிரிலே தொங்கும் வாளின் கீழ் அமர்ந்து விருந்துண்ட பழைய கிரேக்கக் கதையின் நாயகன் அவன். பொருத்தமான பெயர்தான், ஆனால் டமோகிளிஸுக்கு வாள் கண்ணுக்குத் தெரிந்தது, எழுந்து போகவும் முடிந்தது.

எங்கள் இலக்கியத்திலே ஆறுதல் தேடாமலும் இல்லை. நாலடியாரில் செல்வம் நிலையாமைக்கு அடுத்ததாக இளமை நிலையாமை என ஓர் அதிகாரம் உண்டு. இளமை கழியும், நரை வரும், ஆதலால் அறம் செய் என்பதே அதன் பொருள். முதுமை வந்தே தீரும் என்று அச்சுறுத்தும் பாடல்களை, முதுமை வராமலே போய்விடுமோ என்று அஞ்சியவன் எவ்வாறு வாசிப்பது? நரையைக் காணும் பேறு எனக்குக் கிடைக்குமா என்பதே அன்று என் வினா. அவ்வதிகாரத்தைப் பாடிய முனிவர்கள் எவரும் பத்தொன்பது வயதினர் அல்லர் என்று எண்ணிக்கொண்டு நூலை மூடினேன்.

2013 ஆவணியில் பரீட்சை எழுதி, 2015 இல் பல்கலைக்கழகம் புகுந்தேன். பகிடிவதையைத் தடை செய்யும் சட்டம் 1998 முதல் இந்நாட்டில் உண்டு. அது வேறு கதை. முதல் வாரத்திலேயே சிரேட்ட மாணவர் சிலர் எங்கள் அணியிலிருந்த ஆண்கள் எல்லாரும் தலையை ஒட்ட வெட்டி வர வேண்டும் என்றனர். மருந்தால் உதிர்ந்து மீண்டும் முளைத்த மயிரை நான் மூன்றாண்டுகளாக நுனி மாத்திரமே கத்தரித்து வந்திருந்தேன். சலூன் கதிரையில் அமர்ந்து, கண்ணாடியில் அந்த மொட்டைத் தலையை மறுபடியும் கண்டபோது, அங்கேயே விம்மி அழுதேன். அழுத செய்தி விடுதிக்கு எனக்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டது. மயிருக்காக அழுதவன் என்று ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. ஒரே வாக்கியத்தில் அவர்கள் வாயை நான் அடைத்திருக்கலாம். அந்த வாக்கியத்தைச் சொன்னால், நான்காண்டுகளும் 'அந்த வருத்தக்காரன்' ஆகிவிடுவேன். பட்டப்பெயரையே தெரிந்துகொண்டேன்.

ஒரு பெண்ணின் மீது அன்பும் உண்டாயிற்று. அவளிடம் சொல்லவில்லை. புற்றுநோய் மருந்து ஏறியவனுக்குப் பிள்ளை பிறக்காது என்று விடுதியில் யாரோ யாரிடமோ சொன்னது என் செவியில் விழுந்திருந்தது. அதை ஒரு மருத்துவரிடம் கேட்க எனக்கு ஏழாண்டுகள் எடுத்தன. 2019 இல் ஒரு நாள், வேறு நோயாளர் இல்லாத நேரம் பார்த்து, தரையைப் பார்த்தபடி கேட்டேன். பழைய கூட்டு மருந்துகளே அவ்வாறு செய்யக்கூடியவை. எனக்குத் தரப்பட்டவை பெரும்பாலாருக்கு நிரந்தரமான பாதிப்பை உண்டாக்குவதில்லை என்று அவர் இரண்டு நிமிடத்தில் விளக்கினார். அந்த இரண்டு நிமிடம் 2012 இல் எனக்குக் கிடைத்திருக்கலாம். அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதினெட்டு வயதுப் பையனிடம் அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது எங்கள் நற்பண்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இனி, இக்கட்டுரையை எழுதாமல் தள்ளிப்போட்டதன் காரணத்துக்கு வருகிறேன்.

விடுதியை விட்டு வரும்போது நானும் பதுளை நண்பனும் தொலைபேசி இலக்கங்களை மாற்றிக்கொண்டோம். முதலாண்டில் அவன் மாதம் ஒருமுறை அழைப்பான். செயற்கைக் கால் இடுக்கை நோகடிக்கிறது என்பான். லயத்துப் படியில் விழுந்ததைச் சிரிப்போடு சொல்வான். அவனுடைய குரலைக் கேட்டதும் எனக்கு விடுதியின் மருந்து நெடி மூக்கில் ஏறும். பேச்சை விரைவாக முடிக்கப் பழகிக்கொண்டேன். 2013 இன் நடுப்பகுதியில், நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஓரிரவில் சொன்னான்: "கிளினிக்குக்குப் போறத வுட்டுட்டேன் தம்பி. போனா மறுபடியும் என்னமோ கண்டுபிடிப்பாங்க. போகாட்டி ஒன்னும் இல்ல."

அந்த வாக்கியத்தின் ஒவ்வோர் எழுத்தும் எனக்கு விளங்கிற்று. நாட்டில் வேறெவரிலும் நன்றாக அதை விளங்கிக்கொள்ளக் கூடியவன் அந்தக் கணத்தில் நானே. ஆனால் நான் சொன்னது, "தைரியமா இருங்கோ அண்ணை. ஒண்டும் நடக்காது." பிறர் எனக்குச் சொல்லி நான் வெறுத்த அதே சொற்கள். அவன் சற்று மௌனமாக இருந்து, "சரி தம்பி, நீ படி" என்றான். அதன் பிறகு அவனிடமிருந்து வந்த இரண்டு அழைப்புகளுக்கு நான் பதிலளிக்கவில்லை.

எலும்புப் புற்றுநோய் திரும்புமாயின் பெரும்பாலும் நுரையீரலிலே திரும்பும். அதனாலேயே சில மாதங்களுக்கு ஒருமுறை நெஞ்சைப் படம் பிடிக்கிறார்கள். சிறிதாக இருக்கையிற் கண்டால் வெட்டியெடுக்க இடமுண்டு. அவன் மூச்சுவிட முடியாத நிலையிலே 2014 இல் திரும்பி வந்தானாம். அவ்வாண்டு ஐப்பசியில் இறந்தான். அடுத்த கிளினிக்கின்போது, எங்கள் இருவரையும் நினைவில் வைத்திருந்த சிற்றூழியர் ஒருவர் எனக்கு இதைச் சொன்னார். வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று எவரும் உறுதி கூற முடியாது, நானும் கூறவில்லை. மரணச் சான்றிதழில் புற்றுநோய் என்றே எழுதியிருப்பார்கள். அது முழு உண்மையன்று என்பது எனக்குத் தெரியும்.

ரொறன்ரோவிலிருந்து மாமா ஒருமுறை டெரி ஃபொக்ஸ் பற்றிய நூலொன்றை எனக்கு அனுப்பியிருந்தார். அதே நோயால், 1977 இல், பதினெட்டு வயதில் ஒரு காலை இழந்த கனடிய இளைஞன் அவன். 1980 இல் செயற்கைக் காலோடு கனடாவை ஓடிக் கடக்கப் புறப்பட்டு, 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடி, நுரையீரலில் நோய் திரும்பியதால் நின்று, 1981 ஆனி மாதத்தில் இருபத்திரண்டு வயதில் இறந்தான். அவனை வீரனாகவே எல்லாரும் காட்டினர். அதனாலேயே நான் நூலைத் திறக்காது வைத்திருந்தேன். நண்பனின் மரணத்துக்குப் பின்னரே வாசித்தேன். தன்னோடு வைத்தியசாலையிற் கிடந்தவர்களை மறக்க முடியாமையே அவனை ஓடத் தூண்டியது என்பதை அப்போதுதான் அறிந்தேன். நான் அவர்களை மறப்பதற்காக ஓடிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் தெரிந்த நானும் 2016 இல் இரண்டு கிளினிக்குகளுக்குப் போகவில்லை. போகாட்டி ஒன்றும் இல்லை. என்னோடு ஒரே அறையில் இருந்தவன் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். கிரிக்கெட்டைத் தவிர எதையும் பாரதூரமாக எடுக்காதவன் என்று நான் கருதியிருந்தவன். ஓரிரவு விளக்கை அணைக்கப் போனவன் நின்று, "நானும் ரெண்டு வருசமாப் பாக்கிறன். கழுத்துக்குள்ள என்னடா மச்சான் தேடுறாய்?" என்றான். பொய் சொல்ல வாய் திறந்தேன், உண்மை வந்துவிட்டது. அவன் அதிர்ச்சி அடைந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "சாகப்போறன் எண்டு பயமா?" என்று கேட்டான். நான்காண்டுகளில் அந்தச் சொல்லை என் முன்னே வைத்த முதல் மனிதன் அவன். ஏனையோர் எல்லாரும் அதைச் சுற்றி நடந்து போனார்கள். விடியும்வரை பேசினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அவனும் என்னோடு பஸ் ஏறினான். என் பெயர் கூப்பிடப்படும்வரை வாங்கிலே இருந்து பழைய பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய வற்புறுத்தலினாலேயே உளமருத்துவர் ஒருவரிடமும் போனேன். விசர் என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சிப் போன எனக்கு அவர் கொடுத்தது மிக எளிய கட்டளை: கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதை மாதத்தில் ஒரு நாளுக்கு, ஒரு முறைக்கு மட்டுப்படுத்து, அந்த நாளை நாட்காட்டியிற் குறித்துவை. சில மாதம் குளிசையும் தந்தார். முதல் மாதம் நரகமாக இருந்தது. ஆறாம் மாதத்தில், குறித்த நாள் கழிந்து மூன்று நாள் சென்ற பின்னரே அது கழிந்ததை நினைத்துக்கொண்டேன்.

மேலைநாடுகளில் இத்துறை தனியாக வளர்ந்திருக்கிறது. 1990 இல் இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் பதின்ம வயதுப் புற்றுநோயாளருக்கெனத் தனி விடுதி திறக்கப்பட்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2006 இல் வெளியான அறிக்கையொன்றில் 15 முதல் 39 வயதுவரையினரைத் தனித் தொகுதியாகக் கொண்டு நோக்கிற்று. குழந்தைகளின் விடுதியிலும் சேராது, முதியோரின் விடுதியிலும் சேராது இடையில் நிற்கும் எங்களைப் போன்றோருக்கு அது பெரிய காரியம். இங்கே அவ்வாறான கட்டடங்கள் எழ வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. கட்டடங்கள் எழும் வேகம் நமக்குத் தெரியும். கட்டடம் தேவைப்படாத ஒன்றைத்தான் என் அறைத்தோழன் செய்தான். உளவளத்துணை என்று நாம் பெயர் வைத்திருப்பதில் எத்தனை பங்கு பயிற்சி, எத்தனை பங்கு பயப்படாமல் ஒரு கேள்வியைக் கேட்பது என்பதை உளவியல் துறையினர் சொல்லட்டும். தைரியத்தை மெச்சுவதை மாத்திரம் சற்று நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். மெச்சப்பட்டவன் அதன்பின் அழ முடியாது.

சென்ற தவணையில் முதலாம் வருட மாணவன் ஒருவன் என் அறைக்கு வந்தான். வரவு போதாமையால் பரீட்சைக்கு அனுமதி கிடைக்காதோ என்று பயந்து, மருத்துவச் சான்றிதழ்களோடு வந்திருந்தான். தாள்களின் தலைப்பைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆகவேண்டியவற்றை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். "இப்ப எல்லாம் மாறீட்டுது, சேர்" என்றான். எழுந்து கதவுவரை போனான். அவன் சட்டைக் கொலரின் மேற்பொத்தானையும் பூட்டியிருந்ததைக் கவனித்தேன். அன்று நல்ல வெயில்.

"தம்பி, இரும்" என்றேன். "வருத்தம் மாறினது சரி. வேற என்ன வருத்தம்?"

அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். பிறகு வந்து அமர்ந்தான். அன்று நான்கு மணி விரிவுரைக்கு நான் போகவில்லை.